சின்ன வயதில் சிக்ஸர் அடிப்பது தவறில்லை, நான்கு நாள் மேட்ச் ஆட இடம் எங்கே?

ஐஜேகே கேலரி:

2024 செப்டம்பர் கடைசியில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய அண்டர்-19 அணியோடு தொடங்கிய நான்கு நாள் மேட்சில் வைபவ் சூர்யவன்ஷி 58 பந்தில் சதம் போட்டார். அப்போது அவருக்கு வயது 13. நம் ஊரில், நம் கிரவுண்டில் நடந்தது, ஆனாலும் பேசியவர்கள் குறைவு. ஏழு மாதம் கழித்து ஜெய்ப்பூரில் குஜராத் டைட்டன்ஸுக்கு எதிராக 35 பந்தில் அதே பையன் சதம் அடித்ததும் நாடே பேசியது.

அன்றிலிருந்து எங்கே போனாலும் இரண்டு கட்சி. டி20 வந்து கிரிக்கெட்டைக் கெடுத்துவிட்டது, இந்தப் பையன்களுக்குக் கட்டை போடவே தெரியாது என்று ஒரு கட்சி. டெஸ்ட் முடிந்துபோன ஆட்டம், விட்டுத் தள்ளுங்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

2025 ஜூலை மான்செஸ்டர் டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 358, இங்கிலாந்து 669. இரண்டாவது இன்னிங்ஸில் முதல் ஓவரிலேயே ரன் வராமல் இரண்டு விக்கெட் காலி. ராகுல் 90, கில் 103 அடித்துக் கொஞ்சம் மூச்சு வந்தது, அப்புறம் ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் சேர்ந்து கடைசி நாளை முழுங்கிவிட்டார்கள். ஸ்டோக்ஸ் வந்து கை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றபோது மறுத்துவிட்டு இருவரும் சதம் எடுத்தார்கள். இந்த வாஷிங்டன் யார்? 17 வயதில் ஐபிஎல் ஆடியவர், தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல்லில் தூத்துக்குடி அணிக்கு ஓப்பனிங் இறங்கி வெளுத்தவர், இந்தியாவுக்கு முதலில் ஆடியதே ஒன்டேயும் டி20-யும்தான். அவருக்கு டெஸ்ட் ஆடத் தெரியவில்லையா?

வேகமாக அடிக்கத் தெரிந்ததால் யாரும் கெட்டுப்போவதில்லை. கெடுவது வேறு இடத்தில். 16-லிருந்து 22 வயதுக்குள் ஒரு பையனுக்கு எத்தனை நான்கு நாள் மேட்ச் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த நாட்களைத்தான் அட்டவணை தின்றுகொண்டிருக்கிறது. மாற்றுக்கருத்து இருந்தால் வாருங்கள், பேசலாம்.

கவர் டிரைவ்:

மான்செஸ்டரைச் சொன்னீர்கள், அதற்கு நான்கு மாதம் கழித்து நடந்த கொல்கத்தாவை ஏன் சொல்லவில்லை? தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 ரன் இலக்கு, நம் மண், நம் பிட்ச். 93-இல் ஆல் அவுட். அந்த மேட்சில் நான்கு இன்னிங்ஸிலும் சேர்த்து ஒரே ஒரு அரை சதம், அடித்தவர் தென்னாப்பிரிக்க கேப்டன் பவுமா. பெரிய ஷாட் எதுவும் கிடையாது, பந்தைக் கடைசி வரை பார்த்து மெத்தென்று டொக்கு வைத்தார், சும்மா கிடைத்த ரன்னை ஓடி எடுத்தார். 55 நாட் அவுட். அது நம் ஆட்டமாக இருந்த காலம் உண்டு. அடுத்து கவுஹாத்தியில் 408 ரன் வித்தியாசத்தில் தோல்வி. அதற்கு முந்தைய வருடம் நியூசிலாந்து வந்து 3-0. பெங்களூரில் 46 ஆல் அவுட், சொந்த மண்ணில் நம் ஆகக்குறைந்த ஸ்கோர்.

ஒரு தொடர் என்றால் விபத்து என்று விட்டுவிடலாம். இரண்டு தொடர் விபத்து கிடையாது. ஸ்பின்னரைக் காலை நகர்த்தி, கையைத் தளர்த்தி ஆடுகிற வித்தையே போய்விட்டது. திரும்புகிற பந்துக்கு இவர்களுக்குத் தெரிந்த பதில் ஒன்று ஸ்வீப், இல்லையென்றால் இறங்கி அடி.

2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் புஜாரா 1258 பந்து ஆடி 521 ரன் எடுத்தார். அப்படி ஒருவர் இப்போது அண்டர்-19 அளவில் வந்தால் எந்தத் தேர்வாளர் கண்ணில் படுவார் என்று சொல்லுங்கள்.

பவர்ப்ளே:

எனக்கு 19 வயது. நானும் டெஸ்ட் பார்க்கிறேன், 2025 இங்கிலாந்துத் தொடரில் ஓவல் டெஸ்ட் கடைசி நாள் மத்தியான கிளாஸுக்குப் போகவில்லை, சிராஜ் அட்கின்சன் ஸ்டம்பைப் பெயர்த்தபோது ஹாஸ்டலே கத்தியது. அதனால் எங்களுக்குப் பொறுமை இல்லை என்கிற பேச்சு வேண்டாம்.

புஜாரா பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் டி20 டெஸ்ட்டுக்கு என்ன கொடுத்திருக்கிறது என்றும் கணக்குப் போடுங்கள். பும்ராவை உலகம் முதலில் பார்த்தது 2013 ஐபிஎல்லில், மாநில அணிகளின் பல நாள் போட்டியான ரஞ்சி ஆடியதே அதற்கப்புறம்தான், டெஸ்ட்டுக்கு வந்தது 2018-இல். இன்றைக்கு 200 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர்களில் சராசரி 20-க்குக் கீழே வைத்திருந்த முதல் ஆள். 2018 மெல்போர்னில் லஞ்சுக்குக் கடைசிப் பந்து, ஷான் மார்ஷுக்கு ஒரு ஸ்லோ யார்க்கர் போட்டு எல்பிடபிள்யூ எடுத்தாரே, ஒன்டேயில் போடுவது மாதிரி ஒன்று போட்டுப் பார் என்று மிட் ஆஃபில் நின்ற ரோகித் சொல்லிப் போட்ட பந்து அது. டெஸ்ட்டின் சிவப்புப் பந்தில் அதை எந்தப் புத்தகத்தில் படித்து போட முடியும்?

2021 அகமதாபாத்தில் பன்ட் புதுப் பந்தோடு வந்த ஆண்டர்சனை ரிவர்ஸில் தூக்கி விட்டார், அன்றைக்கே சதமும் அடித்தார். 2024 கான்பூரில் இரண்டு நாள் முழுக்க ஆட்டமே நடக்கவில்லை, பழைய பாணி என்றால் நேராக டிரா. நாம் 34.4 ஓவரில் 285 அடித்து டிக்ளேர் பண்ணி பங்களாதேஷை ஜெயித்தோம். ராவல்பிண்டியில் இங்கிலாந்து முதல் நாளே 506 அடித்து, அந்தச் சாலை மாதிரியான பிட்சில் ஐந்தாம் நாள் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஜெயித்தது. இதெல்லாம் டெஸ்ட்டைக் காப்பாற்றுகிறதா, கொல்கிறதா?

கவர் டிரைவ்:

@பவர்ப்ளே, பங்களாதேஷைக் கான்பூரில் அடித்தது சரி. அதே வீரர்கள் மூன்று வாரத்தில் பெங்களூரில் மேகம் மூடிய காலையில் 46-க்குச் சுருண்டார்கள். எந்த நாளில் எந்த ஆட்டம் ஆட வேண்டும் என்று தெரிவதுதான் டெஸ்ட்.

ஐஜேகே கேலரி:

இரண்டு பேரும் சொல்வதில் இருக்கிற விஷயம் ஒரே மேட்சில் நடந்திருக்கிறது. 2021 ஜனவரி, பிரிஸ்பேன் காபா. முக்கால்வாசி அணி காயத்தில். நெட் பவுலராகப் போன நடராஜன் சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து டெஸ்ட் தொப்பி வாங்கினார், முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட். 2017-க்குப் பிறகு ஒரு முதல்தர மேட்ச்கூட ஆடாத வாஷிங்டனும் மூன்று விக்கெட் எடுத்து, 186-க்கு 6 என்று நின்றபோது ஷர்துலோடு 123 ரன் சேர்த்தார். கடைசி நாள் 328 இலக்கு. கில் 91, பன்ட் 89 நாட் அவுட். அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நடுவில் புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்தில் 56 எடுத்தாரே, அது இல்லாவிட்டால் பன்ட் இறங்கும்போது பழைய பந்தும் களைத்த பவுலர்களும் கிடைத்திருப்பார்களா? பன்ட் இல்லாவிட்டால் அந்த 56 ஒரு கௌரவமான டிராவோடு போயிருக்கும்.

கவர் டிரைவ் கேட்ட கேள்வியை நான் இப்படிக் கேட்கிறேன்: இன்றைய ஏற்பாட்டில் அடுத்த பன்ட் வருவார், சந்தேகமே இல்லை. அடுத்த புஜாராவுக்கு வழி இருக்கிறதா?

நெட் பயிற்சி (திண்டுக்கல்):

நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நத்தத்தில் டிஎன்பிஎல் மேட்ச் நடக்க ஆரம்பித்த பிறகு எங்கள் பக்கம் கிரிக்கெட் கற்க வருகிற பிள்ளைகள் பல மடங்கு கூடினார்கள். முன்பு சென்னையில் இருந்தால்தான் ஏதாவது நடக்கும் என்ற நிலை, லீக் ஆட வேண்டும் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். 2016-இல் டிஎன்பிஎல் வந்து அதை உடைத்தது. வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்துவிட்டு வேலை பார்த்தவர், 2018-இல் மதுரை அணிக்கு ஆடி அந்த வருடக் கடைசி ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். ரஞ்சி வழியாக மட்டுமே வர வேண்டும் என்றிருந்தால் அவரை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். டி20-யைத் திட்டுகிற பெரியவர்கள் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது மறுபக்கம். பத்து வயதுப் பையனைக் கூட்டி வருகிற அப்பா, போனில் ஒரு ரீல்ஸைக் காட்டி, சார் இந்த மாதிரி அடிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். முன்காலை விலக்கி, மிட் விக்கெட்டுக்கு மேலே வீசுகிற ஷாட். பையனுக்கு இன்னும் தோளே வளரவில்லை, கையில் அவன் உயரத்துக்குப் பொருந்தாத கனமான பேட். பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் பந்து சீராக எழும்பி வரும், அதனால் அங்கே அந்த ஷாட் நன்றாகவே படும், வீடியோவும் எடுப்பார்கள். அதே பையனை டர்ஃபில், அதாவது மண் பிட்சில் இறக்கி ஒரு லெக் ஸ்பின்னரை ஆறு ஓவர் போடச் சொன்னால் மூன்றாவது பந்திலேயே பாயிண்டில் கேட்ச்.

பேட்டிங்கைக்கூடச் சமாளித்துவிடலாம். என் கவலை பந்துவீச்சில். வேகப்பந்து போடுகிற பையனுக்கு நான்கு ஓவர்தான் அவன் உலகம். காலையில் எட்டு ஓவர், சாயங்காலம் களைத்த காலோடு இரண்டாவது ஸ்பெல், பந்து பழசானதும் விரலை எப்படி வைப்பது, இதெல்லாம் மேட்சில்தான் வரும், நெட்ஸில் வராது. உடம்பும் அப்படித்தான் கட்டும். மயங்க் யாதவ் 2024 ஐபிஎல்லில் 156.7 கிலோமீட்டர் வேகத்தில் போட்டபோது 21 வயது, நாமெல்லாம் எழுந்து நின்று பார்த்தோம். அந்த சீசனிலேயே காயம், பிறகும் காயம். ஸ்பின்னர்களோ 15 வயதிலேயே பந்தைத் தட்டையாக வேகமாகத் தள்ளக் கற்றுக்கொள்கிறார்கள், ஏனென்றால் மேலே தூக்கிப் போட்டால் ஒரு சிக்ஸர், அடுத்த மேட்சில் இடமில்லை. கவர் டிரைவ் சொன்ன கொல்கத்தா பிரச்சினைக்கு வேர் இங்கேதான். ஃப்ளைட் பண்ணிப் போடுகிற பவுலரை ஆடாமலேயே வளர்கிற பேட்ஸ்மேன், தென்னாப்பிரிக்க ஸ்பின்னர் ஹார்மர் வந்து நின்றால் என்ன செய்வான்?

அண்டர்-16-க்கு விஜய் மெர்ச்சன்ட், அண்டர்-19-க்கு கூச் பெஹார் என்று பல நாள் மேட்ச் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மாநில அணிக்குள் போகிற பதினைந்து பேருக்குத்தான் அது. மாவட்டத்தில் இருக்கிற மற்றவர்கள் ஆடுவதெல்லாம் 20 ஓவர், 30 ஓவர் டோர்னமென்ட்.

யாழ் மைதானம்:

எங்கட பக்கத்துக் கதையையும் சேருங்கோ. பாடசாலைகளில் இன்னும் மூன்று நாள் ஆட்டம் உயிரோட இருக்கு. யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கிற வடக்கின் பெரும் போரைப் பார்க்க வாற சனத்தைப் பார்த்தால் நீண்ட ஆட்டத்துக்கு ஆளில்லை என்று சொல்லமாட்டீர்கள். வியாஸ்காந்த் அந்த மத்திய கல்லூரியிலிருந்து வந்து, லங்கா பிரீமியர் லீக்கில் ஆடி, 2024-இல் ஐபிஎல் வரைக்கும் போனவர். அந்த லீக் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துப் பெடியனை ஆர் தேடி வந்திருப்பினம்?

ஆனால் பாடசாலை முடிந்த பிறகுதான் பிரச்சினை. பத்திரண கண்டியில் படித்த பிள்ளை, 2022-இல் சென்னை அணிக்குள் வந்தார். அடுத்த வருடம் தோனியே வெளிப்படையாகச் சொன்னார், இவர் சிவப்புப் பந்துப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்று. அவருடைய பந்துவீச்சு அமைப்பையும் உடம்பையும் பார்த்தால் அந்த ஆலோசனை சரியாகவே இருக்கலாம். மாலிங்கவும் 2011-இலேயே டெஸ்ட்டை விட்டவர்தான். அந்தப் பெடியனில் எனக்குக் கோபமில்லை. கோபம் வேறொன்றில்: 2025-இல் இலங்கை ஆடிய டெஸ்ட் மொத்தம் நான்கு. நான்கே நான்கு. கமிந்து மெண்டிஸ் 13 இன்னிங்ஸில் 1000 ஓட்டம் எடுத்தவர், பிரட்மனின் கணக்கோடு சேர்த்துப் பேசப்பட்ட துடுப்பாட்ட வீரர், அவருக்கு ஒரு வருடத்தில் நான்கு டெஸ்ட் என்றால் எங்கே போய்ப் பத்தாயிரம் ஓட்டம் எடுப்பது?

இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்ற பெரிய மூன்று நாடுகளுக்கு ஐந்து டெஸ்ட் தொடர், மற்றவர்களுக்கு இரண்டு. மேற்கிந்தியாவைப் பாருங்கோ. 2024 ஜனவரியில் ஷமர் ஜோசப் கால்விரலில் அடிபட்ட பிறகும் காபாவில் ஏழு விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 8 ஓட்டத்தால் தோற்கடித்தார். ஒன்றரை வருடத்தில் அதே அணி கிங்ஸ்டனில் 27-க்குச் சுருண்டது. திறமை இல்லாமலா? பூரன் ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் 29 வயதில் சர்வதேச ஆட்டத்தை விட்டே போய்விட்டார். சபையிடம் காசில்லை, லீக்கில் காசிருக்கு, வீரர் என்ன செய்வார்?

பவர்ப்ளே:

யாழ் மைதானம் சொன்னது எனக்கு உறைக்கிறது. கேள்வி வேண்டுமென்றே கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்: இந்தியாவில் ரஞ்சி ஆடுகிறவருக்கு என்ன சம்பளம்? ஐபிஎல் இல்லாமல் பிழைக்க முடியுமா?

ஸ்கோரர் அக்கா:

நான் லீக் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதுகிறவள். சம்பளக் கணக்கு நான் சொல்கிறேன் தம்பி. 20 மேட்ச் வரை ஆடிய புது ரஞ்சி வீரருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய், அனுபவம் கூடக் கூட 50,000, 60,000. புதியவர் நான்கு நாள் மேட்ச் ஒன்றுக்கு 1.6 லட்சம், லீக் சுற்றில் ஏழு மேட்சும் ஆடினால் 11.2 லட்சம். மோசமில்லை, பிழைக்கலாம். ஆனால் ஐபிஎல்லில் இந்தியாவுக்கு ஆடாதவரின் அடிப்படை விலையே 30 லட்சம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும். களத்தில் இறங்கினால் ஒரு மேட்சுக்கு 7.5 லட்சம் தனியாக. 2025 டிசம்பர் ஏலத்தில் சிஎஸ்கே இரண்டு இளைஞர்களுக்கு, ஒருவருக்கு 20 வயது, ஒருவருக்கு 19, தலா 14.2 கோடி கொடுத்தது. 2018-இல் கிழட்டுப் படை என்று கேலி வாங்கியே கோப்பை ஜெயித்த அதே அணி. ஒரு குடும்பம் எந்தப் பக்கம் பார்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டெஸ்ட் ஆடுகிறவர்களுக்கு 2024-இல் பிசிசிஐ ஊக்கத்தொகை கொண்டுவந்தது, சீசனில் முக்கால்வாசி டெஸ்ட்டுக்கு மேல் ஆடினால் மேட்சுக்கு 45 லட்சம் கூடுதல். நல்லது. ஆனால் அது ஏற்கெனவே மேலே ஏறிவிட்டவர்களுக்கு. ஏணியின் கீழ்ப்படியில் நிற்கிற 18 வயதுப் பையனுக்கு அதில் ஒன்றுமில்லை.

இன்னொன்று. இவ்வளவு பேசினீர்கள், ஒருவரும் பெண்கள் கிரிக்கெட்டைத் தொடவில்லை. நீங்கள் பயப்படுகிற நிலைமையில்தான் எங்கள் பிள்ளைகள் இவ்வளவு காலமும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஷஃபாலி வர்மா 15 வயதில் இந்தியாவுக்கு டி20 ஆடினார். சிவப்புப் பந்தில் உள்ளூர் போட்டியே கிடையாது, 2024-இல்தான் மண்டலங்களுக்கு இடையேயான பல நாள் போட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்படி இருந்தும் அந்த வருடம் ஜூனில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி 194 பந்தில் இரட்டைச் சதம், பெண்கள் டெஸ்ட்டில் அதைவிட வேகமானது இல்லை. அணி 603. ஸ்நேஹ் ராணா ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட். அடித்து ஆடத் தெரிந்த பெண்ணுக்கு நேரம் கொடுத்தால் ஒரு நாள் முழுக்க ஆடுவாள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவளுக்குக் கிடைத்தது எத்தனை டெஸ்ட்? விரல் விட்டு எண்ணலாம்.

கவர் டிரைவ்:

அக்கா சொன்ன சேப்பாக்கம் டெஸ்ட் சரியான உதாரணம். அதில் ஷஃபாலி காட்டடி அடிக்கவில்லை, நல்ல பந்துக்கு மரியாதை கொடுத்தார், ஸ்மிருதியோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கே 292.

எனக்கு இன்னொரு பயம், வயது. 13 வயதில் 1.1 கோடிக்கு ஏலம் போன வைபவ் நன்றாக இருக்கட்டும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் பிருத்வி ஷா 18 வயதில் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தவர். 25 வயதில் ஐபிஎல் ஏலத்தில் அவரை யாரும் வாங்கவில்லை. சச்சினும் 16 வயதில் ஆடினார் என்பார்கள். அவர் 15 வயதில் ரஞ்சியில் இறங்கிச் சதம் போட்டுவிட்டு வந்தவர், மும்பை மைதான்களில் நாள் முழுக்க ஆடி வளர்ந்தவர். சர்வதேச ஆட்டத்துக்கு 15 வயது முடிந்திருக்க வேண்டும் என்று 2020-இல் ஐசிசி விதி போட்டது, லீக்குகளுக்கு அப்படி எதுவும் கட்டாயமில்லை. இருக்க வேண்டும்.

நெட் பயிற்சி (திண்டுக்கல்):

வயதுக்கு வரம்பு போடுவதைவிட உழைப்புக்கு வரம்பு போடுவது நல்லது. 14 வயதுப் பையன் வருடத்துக்கு எத்தனை மேட்ச், எத்தனை நாள் பயணம், பள்ளிக்கு எத்தனை நாள் போகிறான், இதைக் கண்காணிக்க ஒருவர் இருந்தால் போதும். வைபவ் 12 வயதிலேயே பீகாருக்கு ரஞ்சி ஆடியிருக்கிறான், சிவப்புப் பந்து தெரியாத பையன் இல்லை. அவனைத் தொடர்ந்து அதில் ஆடவிட வேண்டும், அவ்வளவுதான்.

நம் மாநில நிலைமையும் சொல்லிவிடுகிறேன். சையத் முஷ்டாக் அலி டி20 கோப்பையை மூன்று தடவை ஜெயித்திருக்கிறோம், 2021-இல் நம் பேட்ஸ்மேன் ஷாருக் கான் கடைசிப் பந்தில் கர்நாடகாவுக்கு எதிராக அடித்த சிக்ஸரை யாரும் மறக்கவில்லை. ரஞ்சிக் கோப்பை? 1954-55, அப்புறம் 1987-88. அதோடு சரி. இதற்கு டிஎன்பிஎல்லைக் குறை சொல்ல முடியாது, அது வருவதற்கு 28 வருடம் முன்பே வறட்சி தொடங்கிவிட்டது. ஆனால் டி20 அணியைக் கட்டுவதில் காட்டிய அக்கறையில் பாதியை நான்கு நாள் அணிக்குக் காட்டியிருந்தால் இந்நேரம் ஒன்றாவது வந்திருக்கும்.

ஐஜேகே கேலரி:

பல நாள் மேட்ச் நடக்கிற புச்சி பாபு டோர்னமென்ட்டை 2023-இல் திரும்ப உயிர்ப்பித்தார்கள், வெளிமாநில அணிகள் எல்லாம் வந்து ஆடுகின்றன. டிஎன்பிஎல் முடிந்த சூட்டோடு அது வருகிறது. டிஎன்பிஎல்லில் நன்றாக ஆடிய அண்டர்-21 பையன்களில் ஒரு அணியைத் தனியாகவே அதில் இறக்கலாம், செலவும் பெரிதில்லை, மைதானம் இருக்கிறது. சாய் சுதர்சன் அந்த வழியில்தான் வந்தார், டிஎன்பிஎல், ரஞ்சி, ஐபிஎல் என்று மாறி மாறி ஆடி, 2025 ஐபிஎல்லில் 759 ரன் அடித்த கையோடு லீட்ஸில் டெஸ்ட் ஆடினார். முதல் இன்னிங்ஸில் டக், அதற்காக ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

ஐபிஎல்லில் மேட்ச் நடுவே ஒருவரை மாற்றி இறக்குகிற இம்பாக்ட் பிளேயர் விதியை எடுத்துவிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டிங், பவுலிங் இரண்டும் செய்கிற பையனுக்கு அதில் இடமே இல்லாமல் போகிறது, ரோகித்தே 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார், வாஷிங்டன், துபே போன்றவர்களுக்குப் பந்துவீச வாய்ப்பே கிடைப்பதில்லை என்று.

பவர்ப்ளே:

நெட் பயிற்சி அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அந்த ரீல்ஸ் காட்டுகிற அப்பாவிடம் என்ன சொல்வீர்கள்?

நெட் பயிற்சி (திண்டுக்கல்):

சொல்லித் தருகிறேன் என்றுதான் சொல்வேன் தம்பி. முடியாது என்றால் பக்கத்து அகாடமிக்குப் போய்விடுவார். வாரத்தில் ஒரு நாள் அந்த ஷாட். மற்ற நாளில் பழைய பந்து, டர்ஃப் கிடைத்தால் டர்ஃப், இல்லையென்றால் சிமென்ட் தரையில் மணலைத் தூவிவிட்டு ஸ்பின்னர். ஒரு மணி நேரம் அவுட் ஆகாமல் நின்றால்தான் கடைசி பத்து நிமிடம் தூக்கி அடிக்கலாம் என்பது எங்கள் நெட்ஸ் விதி. பையன்கள் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே ஒரு மணி நேரம் நின்று பழகிவிடுகிறார்கள். ஆனால் மேட்ச் வேண்டும். பக்கத்து மாவட்டங்களில் யாராவது அண்டர்-14-க்கு இரண்டு நாள் மேட்ச் வைக்கத் தயாராக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், மே மாதம் எங்கள் கிரவுண்ட் காலியாக இருக்கிறது, பந்தும் அம்பயரும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

ஸ்கோரர் அக்கா:

ஸ்கோர் எழுத நான் வருகிறேன். பெண் பிள்ளைகள் அணி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.